வெள்ளத்தில் மூழ்கிய பத்மினி என்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டுதல் (மாதுங்கா, மும்பை)

#1 கிங்ஸ்சர்க்கிள்78

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1978 பிரீமியர் பத்மினியைப் பற்றி உதவி கேட்டு எழுதுகிறேன். காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடத்தின் காம்பவுண்டில் நிற்கும் வண்டி. ஜூலை மழையின்போது நாங்கள் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தண்ணீர் ஒரே நாளில் வடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொல்கிறார். ஆனால் நாங்கள் திரும்பி வர 9 நாள் ஆகிவிட்டது. பானட்டைத் திறந்தால் ஏர் கிளீனர் கழுத்து வரை சேற்றுக் கோடு. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது.

சாவியைப் போடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான் செய்திருக்கிறேன். தெரு முனைப் பட்டறையில் வந்து பார்த்துவிட்டு, இந்த என்ஜின் போய்விட்டது, குர்லாவில் பழைய என்ஜின் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வங்கியில் வேலை பார்ப்பவன், மெக்கானிக் இல்லை. ஸ்கூட்டர் என்ஜினை இரண்டு முறை பிரித்து மாட்டிய பழக்கம் உண்டு. இந்த என்ஜினை நானே பிரித்துக் கட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#2 தாராவிபிட்டர்

தம்பி, சாவியைப் போடாமல் விட்டீர்களே, பாதி என்ஜின் அதிலேயே பிழைத்துவிட்டது.

2005 ஜூலை 26 நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. அடுத்த இரண்டு மாதம் எனக்கு வேறு வேலையே இல்லை, மூழ்கிய வண்டிகள்தான். தண்ணீர் வடிந்த காலையிலேயே செல்ஃப் அடித்துப் பார்த்தவர்களின் என்ஜினைத் திறந்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே தண்ணீர் நின்றால் வளையப்போவது ராடுதான். அடிக்காமல் விட்டவர்களின் என்ஜினில் துருவும் சேறும் இருந்தன. அதைச் சரிசெய்ய வழி உண்டு.

முதல் வேலை, நாலு பிளக்கையும் கழற்றுங்கள். எந்தத் துளையில் தண்ணீர் நிற்கிறது, எதில் இல்லை என்று எழுதி வையுங்கள், பின்னால் உதவும். அப்புறம் சம்ப் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும், அதனால் அதுதான் முதலில் வரும். எத்தனை லிட்டர் என்று ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் இரண்டையும் மறக்காதீர்கள், அவற்றிலும் போயிருக்கும்.

#3 செம்பூர்பெட்ரோல்

பிட்டர் அண்ணன் சொல்வதில் ஒன்று கேட்கிறேன். பழைய ஆயிலை இறக்கிவிட்டு டீசலை ஊற்றி, பிளக் துளைகளில் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்துச் சுற்றிப் பார்த்து ஸ்டார்ட் செய்தால் போதாதா? என் மாமனாரின் பியட் 2005இல் அப்படித்தான் ஓடத் தொடங்கியது. என்ஜினை முழுக்கப் பிரிப்பது பெரிய வேலை. வீட்டில் செய்பவருக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாமே.

#4 தாராவிபிட்டர்

சார், உங்கள் மாமனார் வண்டி எத்தனை மணி நேரம் தண்ணீரில் நின்றது, எத்தனை நாளில் டீசல் ஊற்றினார் என்பதைப் பொறுத்தது அது. அன்றைக்கே ஊற்றியிருந்தால் நீங்கள் சொல்வது சரி, நானும் அதைத்தான் செய்வேன். இங்கே 9 நாள் ஆகிவிட்டது.

இன்னொன்று, காந்தி மார்க்கெட் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் இல்லை. ஹை டைட் நேரத்தில் மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போக முடியாமல் திரும்பி நிற்கும். அதில் சாக்கடை உண்டு, உப்பும் இருக்கலாம். உப்பு இருந்தால் மேலே ஆயில் பூசினாலும் அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும். அந்தச் சேறு ஆயில் போகும் துளைகளில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மணலைக் குடித்துக்கொண்டு பேரிங் சுற்றும். ஓடும், நானும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு லொடலொடவென்று சத்தம் போடும்.

#5 கிங்ஸ்சர்க்கிள்78

நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். சம்ப்பிலிருந்து முதலில் சுமார் மூன்று லிட்டர் கறுப்புத் தண்ணீர் வந்தது, அப்புறம்தான் ஆயில். பிளக் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்ததில் 1, 3 இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. 2இல் தண்ணீர் நிறைய, உறிஞ்சி எடுத்தேன். 4இல் கொஞ்சம்தான், ஆனால் சுவர் முழுக்கச் செம்பழுப்புத் துரு. ஏன் இரண்டு சிலிண்டரில் மட்டும்? கேஸ்கெட் போயிருக்குமா?

ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

#6 முலுண்ட்வாசி

கேஸ்கெட் இல்லை, கவலைப்படாதீர்கள். நான் டீசல் என்ஜின் ஆலையில் வேலை செய்தவள், இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம்.

நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பிஸ்டன்கள் பெரும்பாலும் நடுவழியில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சிலிண்டர் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும், ஒன்று வெடித்து இறங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டிலும் வால்வுகள் மூடியிருக்கும். மூன்றாவது சிலிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும், அதன் இன்லெட் வால்வு திறந்திருக்கும். நாலாவது புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அங்கே எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். பத்மினியின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. உங்கள் வண்டி 1 வெடிப்பிலும் 3 அமுக்குதலிலும் நின்றிருக்கிறது. அப்படியானால் 4இல் இன்லெட் திறந்திருந்தது, 2இல் எக்ஸாஸ்ட் திறந்திருந்தது. 2க்குத் தண்ணீர் சைலன்சர் வழியாக வந்தது, தாராளமாக வந்தது. 4க்குக் கார்பரேட்டர் வழியாகக் கடைசியில் கொஞ்சம் வந்தது. நீங்கள் எழுதியதும் அப்படியே இருக்கிறது.

பத்மினி பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (அதன் மேல் மூடி) அலுமினியம். இது கடைசி வரை நினைவில் இருக்கட்டும். இரும்புக்குச் செய்யும் வைத்தியத்தை அலுமினியத்துக்குச் செய்யக் கூடாது.

ஜாம் ஆனதற்கு: ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து 2இலும் 4இலும் ஊற்றுங்கள். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், அதனால் தினமும் கொஞ்சம் சேருங்கள். பக்கத்தில் நெருப்பு, சிகரெட், பூஜை விளக்கு எதுவும் கூடாது. சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஒரே பக்கமாக அழுத்தி இழுத்தால் பிஸ்டன் ரிங் உடைந்து போரை (சிலிண்டரின் உள்சுவரை) கீறிவிடும். செல்ஃப் போட்டுப் பார்க்கலாமா என்று ஆசை வரும், வேண்டாம்.

#7 கிங்ஸ்சர்க்கிள்78

ஆறாவது நாள் காலை அசைந்தது! ஒரு விரல் அகலம்தான். அப்பா பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்து சக்கரத்தைத் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அடுத்த நாள் முழுச் சுற்று வந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றியாயிற்று. 2இல் போரின் நடுவில், பிஸ்டன் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, மோதிரம் போல ஒரு துருக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

#8 செம்பூர்பெட்ரோல்

அக்கா சொன்ன விளக்கத்துக்கு நன்றி. நான் டீசல் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நகத்தில் தட்டினால் அது சும்மா தேய்த்துப் போகிற துரு இல்லை.

ஆனால் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். செலவு என்று பார்த்தால் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் நல்ல என்ஜின் கிடைக்காதா? டாக்சிகள் எல்லாம் ஒழிந்தபோது நிறைய வந்தனவே.

#9 தாராவிபிட்டர்

முன்பு கிடைத்தது. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சியின் 20 வருஷம் 2023 அக்டோபரில் முடிந்தது, அதோடு காலி-பீலி (கறுப்பு-மஞ்சள்) பத்மினி ரோட்டை விட்டே போய்விட்டது. இப்போது பங்கார் (பழைய இரும்பு) கடையில் கிடப்பது டாக்சியில் ஓடித் தேய்ந்த என்ஜின். எத்தனை முறை போர் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதையும் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பிரிப்பது என்று ஆன பிறகு சொந்த என்ஜினையே பிரிக்கலாமே.

அதோடு ஆர்.சி.யில் என்ஜின் நம்பர் இருக்கிறது. வேறு பிளாக் போட்டால் ஆர்.டி.ஓ.வில் மாற்றிப் பதிய வேண்டும். இந்த வண்டி 2028இல் 50 வயதைத் தொடும், அப்போது விண்டேஜ் பதிவு கேட்கலாம். 2021இல் வந்த விதி அது, பெரிய மாறுதல் செய்த வண்டிக்குக் கிடைக்காது. பிறந்த என்ஜினோடு இருந்தால் தைரியமாகப் போய் நிற்கலாம்.

#10 பெங்களூர்ஹெரால்ட்

சிவாஜிநகரிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இழைக்குச் சம்பந்தமில்லாத வண்டி. ஆனால் ஒரு நண்பரின் பியட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து, கெமிக்கல் வாஷ் செய்து தருகிறோம் என்றதை நம்பிவிட்டார். இரும்புப் பிளாக்குக்கு வைத்திருந்த காஸ்டிக் சோடாத் தொட்டியிலேயே அலுமினிய ஹெட்டையும் இரவு முழுக்க ஊறப் போட்டிருக்கிறார்கள். காலையில் எடுத்தால் மேற்பரப்பு முழுக்க அரித்து, தண்ணீர்த் துளைகளின் ஓரம் கரைந்து போயிருந்தது. எத்தனை மி.மீ. சீவினாலும் சரியாகாத நிலை. ஹெட்டை உங்கள் கையாலேயே மண்ணெண்ணெயிலும் சோப்புத் தண்ணீரிலும் கழுவுங்கள்.

துரு எடுக்க வெல்லப்பாகுக் கழிவு நல்ல மருந்து. சர்க்கரை ஆலையில் கிடைக்கும் மொலாசஸ், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரும்புச் சாமான்களை இரண்டு வாரம் ஊறப் போட்டால் துரு மட்டும் போகும், இரும்பு தங்கும். நாற்றம் அடிக்கும். இதிலும் அலுமினியத்தைப் போடக் கூடாது.

#11 கிங்ஸ்சர்க்கிள்78

மன்னிக்கவும், ஒரு மாதமாக எழுதவில்லை. என்ஜினை இறக்கிவிட்டேன். செயின் கப்பி வாடகைக்குக் கிடைத்தது. சொசைட்டிக் கூட்டத்தில் காம்பவுண்டில் ஆயில் சிந்துகிறது என்று பேச்சு வந்தது. நியாயமான புகார். தார்ப்பாய் விரித்து மேலே மரத்தூள் போட்டேன், இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

பிரித்த ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். புஷ்ராடுகளை அட்டைப்பெட்டியில் எட்டு துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தேன்.

அளவுகள்: மாதுங்காவிலேயே இருக்கும் நண்பரிடம் போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வாங்கினேன். ஸ்டாண்டர்ட் போர் 68 மி.மீ. இப்போது 1, 3, 4 மூன்றும் மேல் பக்கம் 0.09 வரை தேய்ந்திருக்கின்றன. 4இல் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது, தேய்த்ததும் போய்விட்டது. 2இன் துருக் குழியின் ஆழம் 0.15 மி.மீ. அளவுக்கு வருகிறது. கிராங்க் ஷாஃப்டின் மூன்று மெயின் பேரிங் ஜர்னல்களில் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதிகள்) நடுவில் உள்ளதில் மட்டும் கறைபோல் ஒரு திட்டு. சிலிண்டருக்குள் புது உறை (ஸ்லீவ்) போடலாமா, போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாமா?

#12 முலுண்ட்வாசி

குழி ஒரு பக்கம் 0.15 என்றால் விட்டத்தில் 0.3 எடுத்தால்தான் அது மறையும். 0.4 ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தால் நாலையும் 0.4க்குப் போர் செய்துவிடுங்கள். ஒரு சிலிண்டரை மட்டும் மாற்ற வேண்டாம், நாலும் ஒரே எடையாக இருக்கட்டும். ஸ்லீவ் கடைசி ஆயுதம், இன்றைக்குச் செலவழிக்காதீர்கள். இதே வண்டிக்கு அடுத்த தலைமுறையில் தேவைப்படலாம்.

அளக்கும்போது ஒரே இடத்தில் அளக்காதீர்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும். போர் கூம்பாகவும் தேயும், முட்டையாகவும் தேயும்.

#13 தாராவிபிட்டர்

முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் லேத் பட்டறைக்குப் போங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிராங்கையும் கூடவே கொடுங்கள். அந்தத் திட்டு பாலிஷில் போனால் நல்லது, போகாவிட்டால் பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். மெயின் கேப்களை இடம் மாற்றியோ திருப்பியோ மாட்டிவிடாதீர்கள். அவை பிளாக்கோடு சேர்த்துத் துளையிட்டவை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள் தம்பி, இதில்தான் மூழ்கிய என்ஜினும் சாதாரண ஓவர்ஹாலும் வேறுபடும். துரு கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் துருவைத் துரத்துவார்கள். வண்டல் கண்ணுக்குத் தெரியாது. மழைத் தண்ணீரில் வருகிற வண்டல் மாவு போல இருக்கும், ஆயில் கேலரிக்குள் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளைகள்) போய்க் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். காற்றடித்துப் பார்த்தால் காற்று மறுபக்கம் வந்துவிடும். சரி, சுத்தம் என்று நினைப்பீர்கள். புது ஆயில் சூடாகி ஓடும்போது அது ஊறிக் கழன்று வந்து புது பேரிங்கில் உட்காரும்.

பிளாக்கின் கேலரி முனைகளில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றுங்கள். நீளமான நைலான் பிரஷ், துப்பாக்கிக் குழல் சுத்தம் செய்கிற மாதிரி. சூடான சோப்புத் தண்ணீரில் விட்டு விட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு வெளியே எடுத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். கிராங்குக்குள்ளும் துளைகள் உண்டு, மெயின் ஜர்னலிலிருந்து ராட் ஜர்னலுக்குச் சாய்வாகப் போகும். அதையும் அப்படியே. தண்ணீர் ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் இடம்) சேறு கட்டியிருக்கும், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வெல்ச் பிளக்குகளை (வட்டத் தகடு மூடிகளை) தட்டி எடுத்துச் சுரண்டி விடுங்கள், புது பிளக் விலை ஒன்றும் பெரிதில்லை. இந்தக் கழுவலை லேத்திலிருந்து வந்த பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து செய்யுங்கள், போரிங் தூள் எல்லாத் துளைக்குள்ளும் போயிருக்கும்.

#14 கிங்ஸ்சர்க்கிள்78

அண்ணே, நீங்கள் சொன்ன வெள்ளைத் துணிச் சோதனையில் மூன்று வேட்டி தீர்ந்துவிட்டது. முதல் நாள் காற்றடித்துவிட்டு சுத்தம் என்றுதான் நினைத்தேன். பிரஷ் விட்ட பிறகு சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. நடு மெயினுக்குப் போகும் துளை பாதி அடைபட்டிருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று. இந்த ஊர் ஈரத்தில் கழுவிய போர் காய்வதற்குள் துரு பிடிக்கிறது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே மஞ்சள் படர்ந்தது. இப்போது ஒருவர் கழுவ, ஒருவர் காற்றடிக்க, உடனே ஆயில் பூச என்று மூன்று பேராகச் செய்கிறோம். என் பெண் ஆயில் டிபார்ட்மெண்ட். முடிந்தால் நவம்பர் தாண்டி இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

#15 முலுண்ட்வாசி

ரிங் போடும் முன் ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 68 மி.மீ. போருக்குச் சுமார் 0.25 மி.மீ. வர வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும், மெல்லிய அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள். மாட்டும்போது மூன்று வாயும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

ஹெட்டை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தீர்களா? அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் தாராளமாக நுழைந்தால் சர்ஃபேஸ் செய்யக் கொடுங்கள். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று சீவாதீர்கள், அலுமினியம் திரும்ப வளராது.

#16 கிங்ஸ்சர்க்கிள்78

ஹெட் தட்டையாக இருந்தது, சீவவில்லை. வால்வுகளைப் பேஸ்ட் போட்டுக் கையாலேயே கடைந்தேன், எட்டுக்கும் இரண்டு மாலை ஆனது. 2இன் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் தண்டில் அரித்திருந்தது, புதிது போட்டேன். பேரிங்குக்குப் பத்து தவ் தேவைப்பட்டது.

நேற்று மாலை ஸ்டார்ட் செய்தோம். முதலில் பிளக் இல்லாமல் செல்ஃபை விட்டு விட்டு அடித்தேன், ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை. அப்புறம் பிளக் மாட்டி, கார்பரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, அப்பா கையில் சாவியைக் கொடுத்தேன். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கேம் புதிதாகப் படிய வேண்டும் என்று எங்கேயோ படித்ததால் ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு அருகில் 20 நிமிடம் வைத்தேன். நீராவி போல வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டது. அந்த ஆயிலைச் சூட்டோடு இறக்கி, துணியில் வடிகட்டிப் பார்த்தேன். மினுமினுப்பு கொஞ்சம் உண்டு, வண்டல் இல்லை.

கீழ் வீட்டுப் பாட்டி கற்பூரம் கொண்டு வந்தார். பெட்ரோல் வாசனை இருக்கிறது, கேட்டுக்கு வெளியே ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

#17 தாராவிபிட்டர்

படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது தம்பி. 20W-50 மினரல் ஆயிலே ஊற்றுங்கள், 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். என்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசைப்படி ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், டாப்பெட்டையும் (வால்வு இடைவெளி) சரிபாருங்கள்.

#18 கிங்ஸ்சர்க்கிள்78

ஒரு சின்னச் சிக்கல். என்ஜின் ஓடுகிறது, ஆனால் கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழவில்லை, கர்ர் என்கிறது. அவசரத்தில் பழைய கிளட்ச் பிளேட்டையே துடைத்து மாட்டியிருந்தேன்.

#19 செம்பூர்பெட்ரோல்

இது எனக்குத் தெரியும்! மூழ்கிய கிளட்ச் பிளேட் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சில நாள் நின்றாலே ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். நடுத்துளைப் பல்லில் துரு இருந்தாலும் பிளேட் நகராது. இழுத்து ஓட்டிப் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு, ஆனால் இவ்வளவு செய்த பிறகு வேண்டாம். கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் புதிதாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், இரண்டு பேர் இருந்தால் ஒரு நாள் வேலை.

#20 கிங்ஸ்சர்க்கிள்78

செம்பூர் சார் வந்தார். காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு கியர் பாக்ஸ் ஏறிவிட்டது. பிளேட்டைக் கழற்ற உளி வைக்க வேண்டியிருந்தது.

வண்டி இன்றோடு 340 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் காலையில் அப்பாவை ஃபைவ் கார்டன்ஸ் வரை கூட்டிப்போய்த் திரும்புகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டியை வடாலாவில் மேட்டில் இருக்கும் நண்பரின் கட்டடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்திருக்கிறேன். மாநகராட்சி வெளியிடும் ஹை டைட் அட்டவணையில் 4.5 மீட்டருக்கு மேல் வரும் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டுக் கேட் பக்கத்தில் ஒட்டியாயிற்று. ஊருக்குப் போகும்போது சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். தண்ணீர் ஏறினால் தள்ளி மட்டும் கொண்டுபோக வேண்டும், ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று அவரிடம் இந்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.